சோப்பிலிருந்து எண்ணெய்

சோப்புக்காரிக்கு அவள் அக்கா புருஷன் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நானூறு. ஒன்பது வருஷமாகத் தரவில்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர். விடுதிப் பிள்ளைகளுக்கென்று நானூறு கட்டி சோப்பு வாங்கிவிட்டு, எண்ணெய் விலையை மட்டும் நீட்டினார்.

"எண்ணெயைக் காய்ச்சி உறைய வச்சிருக்கே. மெழுகுவத்தி மாதிரிதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு வெலை?"

அக்கா முகத்துக்காக அவள் ஊரறியச் சண்டை போடாமல், வீட்டுக்குப் போய்ப் போய்க் கேட்டுப் பார்த்தாள். எண்ணெயோடு சேர்க்கும் காரம் பட்டுத் தோல் உரிந்து கற்ற தொழில் அது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள், இன்று பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

இந்த வருஷம் அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்த அறிவியல் டீச்சர் சோப்பு வாங்க வந்து, சோப்புக் காய்ச்சும் கொப்பரையைப் பார்த்து அசந்துபோனார்.

"இதத்தாம்மா நான் பாடமா நடத்துறேன். மெழுகு உருகினா இயற்பியல் மாற்றம், ஆறினா மறுபடி மெழுகுதான். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பானா வேதியியல் மாற்றம். அது வேற பொருள். பிள்ளைங்களுக்கு வந்து காட்டுறீங்களா?"

"பெத்தவங்க வர்ற நாள்ல வச்சுக்கலாமா டீச்சர்? தாளாளரும் இருக்கட்டும்." அவ்வளவு இனிப்பாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

அன்று வகுப்பறை நிறைந்திருந்தது. மெழுகை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தாள்.

"என்ன இது?"

"மெழுகு!"

அடுத்து சோப்பைச் சீவித் தண்ணீரில் கொதிக்கவிட்டாள். நுரை பொங்கியது.

"எண்ணெய் தெரியுதா?"

"இல்ல!"

"எனக்கும் தெரியல. ஆனா உங்க தாளாளர் இது உறைஞ்ச எண்ணெய்தான்னு சொல்லி எண்ணெய்க் காசுதான் குடுத்தார். வாங்க அத்தான், ஒரு சொட்டு எடுத்துக் காட்டுங்க. பாக்கி மொத்தமும் தள்ளுபடி."

"பிள்ளைங்க முன்னாடி என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல அத்தான், பாடம்."

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "சார், அது வராது சார். வேற பொருளாயிடுச்சு."

பின்னால் ஒரு அப்பா சிரிப்பை இருமலாக்கினார். தாளாளர் சோப்புக்காரியின் காதருகே குனிந்தார்.

"வீட்டுக்கு வா, தர்றேன்."

"ஒன்பது வருஷமா வீட்டுக்குத்தானே வந்தேன்?"

ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவுக்கே பொறுக்கவில்லை. "குடுத்துத் தொலைங்களேன்!"

அவர் பையைத் திறந்தார். சோப்புக்காரி வெடிப்பு விழுந்த உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"சத்தமா எண்ணுங்க அத்தான்."

நூறு நூறாக நோட்டுகள் விழுந்தன. அவர் முணுமுணுவென்று எண்ணினார். பிள்ளைகளே கூடச் சேர்ந்து எண்ணினார்கள், இருபத்துநாலு வரைக்கும்.