பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு போன்

அருள்தாஸைச் சஸ்பெண்ட் செய்தது திருட்டுக்காக அல்ல, குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்ததற்காகவும் அல்ல. போன் செய்ததற்காக. 

கரிக்கலாம்பாக்கம் பக்கத்துச் சப்-ஸ்டேஷனில் அவர் ஆபரேட்டர். ரிட்டயர் ஆகும்வரை அதே பேனல் முன்னால் நானும் உட்கார்ந்தவன்தான். மாநிலங்களை இணைக்கும் கிரிட்டில் கரண்ட் பற்றவில்லை என்றால் மேலேயிருந்து உத்தரவு வரும்: பத்து நிமிஷத்துக்குள் இத்தனை மெகாவாட் குறை. குறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலைந்து மாநிலம் மொத்தமாக இருண்டுவிடும். அதில் அவருக்கோ எனக்கோ சந்தேகமே இல்லை. யாருக்கு நிறுத்துவது என்பதுதான் தகராறு.

நாங்களெல்லாம் சுவிட்சைத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போவோம். அருள்தாஸ் மட்டும் ஊருக்கு ஒருவருக்காவது முதலில் போன் போடுவார். "பத்து நிமிஷத்துல கரண்ட் நிக்கும், ஆட்டோவ ஆஃப் பண்ணச் சொல்லுங்கபா." விவசாயிகள் மோட்டாரை, கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பும்படி ஆட்டோவில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் திரும்பியதும் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் முப்பது மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அது தாங்காது. இதைச் செய்யும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை. "உனக்கு வேற வேல இல்லியா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்புறம் டேட்டா சென்டர் வந்தது. பிளாட் போட்ட வயல்களுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம், உள்ளே முழுக்கக் கம்ப்யூட்டர். நான்கு ஊர் மோட்டார்கள் சேர்ந்து இழுக்கும் ஐந்து மெகாவாட்டை அது ஒன்றே இழுத்தது. பேனலில் அதன் சுவிட்ச்மேல் சிவப்புப் பட்டை ஒட்டினார்கள்: நிறுத்தக் கூடாது. இத்தனைக்கும் மூன்று நாள் ஓட்ட அவர்களிடம் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. சனிக்கிழமைதோறும் சும்மா ஓட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஏப்ரலில் தொடர்ந்து எட்டு நாள், மோட்டாருக்குக் கரண்ட் விடும் சில மணி நேரத்திலும் விவசாய லைனையே நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் சப்-ஸ்டேஷனுக்கு, அருள்தாஸுக்குப் பேச்சுத்துணையாகப் போயிருந்தேன். ஜோஸ்பின் நேராக உள்ளே வந்தாள். புருஷன் இல்லாதவள், முக்கால் காணி நெல்தான் அவளுக்கு எல்லாம். ஒரு கதிரை மேஜைமேல் போட்டாள்.

"பால் புடிக்கிற நேரம்ணா. இன்னைக்குத் தண்ணி உடலன்னா அத்தினியும் பதரா பூடும்."

அவள் நிற்கும்போதே மேலதிகாரியிடமிருந்து போனில் உத்தரவு வந்தது. ஐந்து மெகாவாட்.

"சார், டேட்டா சென்டர ஒரு மணி நேரம் நிறுத்தலாமா? அவங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்குதே" என்று அருள்தாஸ் போனிலேயே கேட்டார்.

"யோவ், அது தேசப் பாதுகாப்பு விஷயம். விவசாயத்த நிறுத்து."

சோறு தேசப் பாதுகாப்பில் சேராதா? அருள்தாஸ் அதைக் கேட்கவில்லை. 

அவர் டேட்டா சென்டருக்குப் போன் போட்டார். "பத்து நிமிஷத்துல கரண்ட் நிக்கும், ஜெனரேட்டர போட்டுக்குங்க." பத்தாவது நிமிஷம் சிவப்புப் பட்டையைக் கிழித்துச் சுவிட்சைத் திருப்பினார். ஜெனரேட்டர் ஓடியது. அங்கே ஒரு கம்ப்யூட்டர்கூட அணையவில்லை. கிரிட்டும் பிழைத்தது. ஜோஸ்பின் வயலில் பாதிக்குத் தண்ணீர் பாய்ந்தது.

சாயங்காலமே சஸ்பெண்ட் மெமோ வந்தது. போன் செய்யாமல் இருந்திருந்தால், தானாக ட்ரிப் ஆனது என்று லாக் புக்கில் ஒரு வரி எழுதித் தப்பித்திருக்கலாம். நாங்கள் எழுதாத பொய்யா அது? இந்த மனுஷன் விவசாயிக்குக் காட்டிய மரியாதையை டேட்டா சென்டர்காரர்களுக்கும் காட்டினார். முன்கூட்டியே தெரிவித்ததால் வேண்டுமென்றே செய்தது என்று அந்தப் போனையே ஆதாரமாக்கிவிட்டார்கள். பாவிகள்! மெமோவில், டேட்டா சென்டர் கம்பெனிக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் புது ஆள் வந்தான். யாருக்கும் சொல்லாமல் விவசாய லைனை நிறுத்தினான். கரண்ட் திரும்பியபோது எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பி டிரான்ஸ்பார்மர் எரிந்தது. மாற்றப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஜோஸ்பினின் மீதிப் பாதி நெல் பதராகப் போனது.

அதற்காக யாருக்கும் மெமோ வரவில்லை.