வரி விலக்கும் ஒரு சிவப்புச் சீட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. விடிவதற்கு முன் ஜெலுத்தோங் சந்தை முனையில் கம்பெனி பஸ் ஏறுவேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், விளையாடுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை.

உண்மையில் அது விளையாட்டும் இல்லை. பெல்ட்டில் வரும் பெட்டியை டிவியில் மாட்ட வேண்டும். திரையில் ஒரு சின்னக் கப்பல் வரும். இடம், வலம், மேல், கீழ் என்று அதை நகர்த்தி நாலு முறை சுட வேண்டும். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். எதிரி வந்து மூன்று முறை நம்மை அடிப்பான். மூன்றாவது அடியில் ஆட்டம் முடிந்து கடைசிப் படம் வந்தால் பெட்டி நல்லது. வராவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. நாள் முழுக்கத் தோற்பதுதான் என் வேலை.

அந்தப் பெட்டி ஒன்றுகூட எங்கள் வீடுகளில் கிடையாது. எல்லாம் கப்பலுக்குப் போக வேண்டியவை. கேட்டைத் தாண்டி வெளியே கொண்டுவந்தால் வரி கட்டாத சரக்கு என்று கஸ்டம்ஸ்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் எங்கள் லைன் லீடர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். அவர் சீனப் பெண். மலாய் மொழியில் மெதுவாகச் சொல்லுவார். கம்பெனி இங்கே வந்தபோது இத்தனை வருடம் வரி கட்ட வேண்டாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்ததாம். அந்த வருடங்கள் முடியப் போகின்றனவாம். அதை நீட்டித்துத் தரச் சொல்லிக் கம்பெனி கேட்டிருக்கிறதாம். கோலாலம்பூரிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருவார்கள், கொடுக்காவிட்டால் முதலாளி வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்றார்.

வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார்.

“டிவிக்கு லைசென்ஸ் கட்றேன், நாய்க்கு லைசென்ஸ் கட்றேன். அவ்ளோ பெரிய கம்பெனிக்கு மட்டும் வரி இல்லையா? நம்ம நாயையும் அங்க கொண்டு போய் கட்டிடு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இந்தக் கம்பெனி புதிதாக வந்தபோது ஆள் கிடைத்தால் போதும் என்று எடுத்தார்கள். அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகள் மூன்றாம் படிவச் சான்றிதழ் கேட்டன. இது மூடினால் என்னை எடுக்க வேறு இடம் இல்லை.

அதிகாரிகள் வரும் நாளில் என் மேசையில்தான் நிற்பார்கள் என்று முடிவானது. என் கை ஒரே சீராகப் போகும் என்பதுதான் காரணம். நான் வேண்டாம் என்றேன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாடே இறங்காது. பக்கத்து மேசையில் ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார். அவர்தான் தைரியம் சொன்னார்.

“நீ ஏன்டி பயப்படுற? வாயத் தொறக்கவே வேணாம்லா. வழக்கம்போல செத்துக் காட்டு, போதும்.”

வந்தவர்கள் மூன்று பேர். பின்னால் மேனேஜர். நான் நிமிர்ந்து பார்க்காமல் முதல் பெட்டியை மாட்டினேன். நன்றாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பெட்டியில் கப்பல் மூன்று முறை அடி வாங்கியது. கடைசிப் படம் வரவில்லை. திரை அப்படியே நின்றுவிட்டது.

கொஞ்சம் யோசித்திருந்தால் ஒன்றும் தெரியாததுபோலக் கழற்றி அனுப்பியிருப்பேன். யோசிப்பதற்குள் கை சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டிவிட்டது. லைன் லீடர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

வயதான அதிகாரி குனிந்து, நீ தோற்றதற்காகவா பெட்டிக்குச் சிவப்பு ஒட்டுகிறாய் என்று மலாயில் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பதில் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட மலாயில் சொன்னேன்.

“இல்ல துவான். மூணு தடவ தோத்தா கடைசிப் படம் வரணும். இதுல வரல. வாங்குறவங்க வீட்டுல இப்படி நின்னா, அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது.”

அவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் அக்கா என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இறங்கும்போது மட்டும், “அவங்க முன்னாலயே ஒட்டணுமாடி?” என்றார். அவருக்கும் படிப்பு இல்லை. அவர் பயமும் என் பயமும் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எந்தச் செய்தியும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும்போது கேட் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பிறகு ஒரு காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்னும் சில வருடங்களுக்கு வரி விலக்கு கொடுத்துவிட்டார்கள். லைன் லீடர் படித்துச் சொன்னார். என் சீட்டு அதற்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று எனக்குத் தெரியாது. பெரிய இடத்துக் கணக்கில் என் மேசை எந்த மூலையில் இருந்திருக்கும்? அக்கா மட்டும் அன்று தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முட்டையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

சந்தோஷத்தில் லைன் லீடர், சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம் என்றார். நான் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தேன். முதல் தடவையாகத் தோற்காமல் ஆடினேன். எதிரிகள் எல்லாம் தீர்ந்ததும் கறுப்பு வானம் போய்ப் பச்சை வானம் வந்தது. இத்தனை வருடம் அந்தப் பெட்டிகளைத் தொட்டும், அவற்றுக்குள் ஒரு பச்சை வானம் இருப்பது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் அதில் கப்பலை ஓட்டிப் பார்த்தேன். புதிய எதிரிகள் வரத் தொடங்கியபோது மணி அடித்தது. கையை எடுத்துவிட்டு, மூன்று அடியும் விழும்வரை காத்திருந்தேன். கடைசிப் படம் சரியாக வந்தது. அடுத்த பெட்டியை மாட்டினேன்.