அத்தானின் புது மோடம்

என் அக்கா கனகேஸ்வரியின் வீட்டுக்காரர் சண்முகரத்தினம் அத்தான்தான் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே கம்ப்யூட்டர் வாங்கிய முதல் பென்ஷன்காரர். அவரே அப்படித்தான் சொல்லுவார். போய் எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. தந்தி ஆபீசில் தலை நரைத்தவர். சேதி சின்னதாக இருந்தால் பறக்கும், முடிந்ததும் லைனை விட்டுவிட வேண்டும் என்பதே அவருடைய வேதம்.

தொண்ணூற்றெட்டில் மகள் புனிதவதிக்கு டொராண்டோவிலிருந்து வரன் வந்தது. பிள்ளையின் தகப்பன் பாலசுந்தரம் எங்கள் பெரியம்மாவின் மைத்துனர் முறை. மின்னஞ்சல் வந்த அன்றே, மகனோடு பெண் பார்க்க விமானம் ஏறுகிறார். பக்கத்து ஊரான கிளாங்கில் சபாபதி வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள். கிளம்புமுன் யாருடைய முழு விவரம் கிடைக்கிறதோ அந்த வீட்டுக்கே முதலில் வருவோம் என்று அதில் எழுதியிருந்தார். முதல் வீட்டிலேயே முடித்துவிடுகிற ரகம் அவர். புனிதவதிக்கோ, படத்தைப் பார்த்ததுமே பையனைப் பிடித்துவிட்டது.

அத்தான் உடனே போய்ப் புது மோடம் வாங்கி வந்தார். டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரைப் பேச வைக்கிற பெட்டி அது. "டபுள் ஸ்பீட் அங்கிள், கண்ணை மூடித் தொறந்தா போயிடும் லா" என்று கடைக்காரன் சொன்னானாம்.

'ஜாதகம் பொருத்தம்' என்று ஒரு மடல். பெட்டி டயல் செய்து, கீச்சென்று அலறி, பெயர் கேட்டு, கடவுச்சொல் கேட்டு, ஒருவழியாக அனுப்பியது. அத்தான் லைனை வெட்டினார். அடுத்து 'பெண்ணுக்குச் சம்மதம்'. மறுபடியும் டயல், அலறல், பெயர்.

"பழசு மாதிரியேதான் இழுக்குது அத்தான்" என்றேன்.

"இன்னும் சூடு ஏறல" என்றார்.

புனிதவதி பொறுக்கவில்லை. "அப்பா, உங்க ரெண்டு வார்த்தை போக ஒரு நொடி கூட ஆகாது. அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரும் 'இருக்கியா', 'இருக்கேன்', 'சொல்லட்டுமா', 'சொல்லு'ன்னு மாத்தி மாத்திக் கேட்டு முடிக்கணும். பெரிய மோடம் வாங்கினா அந்தப் பேச்சு கொறையுமா?"

எனக்கு விளங்கிவிட்டது. நம் ஆட்கள் வீட்டுக்குப் போனால், பெரியப்பாவின் மூட்டுவலி வரைக்கும் விசாரித்துத் தேத்தண்ணி குடித்த பிறகுதானே வந்த விஷயம்? காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் அதே விசாரிப்புத்தான். ஒவ்வொரு விஷயத்துக்கும் வெளியே போய், மறுபடி கதவைத் தட்டி உள்ளே வருகிற ஒரே மனிதர் எங்கள் அத்தான்.

"லைனைப் பிடிச்சு வச்சிருக்கக் கூடாதும்மா. இன்னும் தேதி இருக்கு, தங்குற எடம் இருக்கு, ஏர்போர்ட்டுக்கு யாரு வர்றதுன்னு இருக்கு."

"அதுக்குள்ள அவங்க பிளேன் ஏறிடுவாங்க. சபாபதி மாமா எல்லாத்தையும் ஒரே மெயில்ல எழுதுவாரு. எழுந்திரிங்கப்பா."

நாற்காலியைப் பிடுங்காத குறை. எல்லாவற்றையும் ஒரே மடலில் தட்டி, ஒரே தடவை டயல் செய்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: முழு விவரம் கிடைத்தது, நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

கலியாணத்தன்று அத்தான் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்: "எல்லாம் அந்தப் புது மோடம் செஞ்ச வேலை."

மேடையில் இருந்த புனிதவதிக்கும் அது கேட்டது. தாலி ஏறுகிற நேரமாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.