சுருங்காத படம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பிடித்துப் பார்த்தேன். பார்க்காமல் விட முடியாத நாள் அது.

திருத்தங்கலில் ஒரு பிளெக்ஸ் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் அடித்து வரும். திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருந்தால் பிடிக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, முதலாளி பயந்துபோய் எல்லாவற்றையும் இலவச சாஃப்ட்வேருக்கு மாற்றச் சொன்னார். அவருக்குப் பிடித்தது இலவசம். அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வருசம் தீபாவளி சீசனில் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. மறுநாள் காலையில் ஒருவர் கடைக்கு வந்தார். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறவர். வெடியில் செத்தவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. அவள் படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, நாத்தனார் கல்யாணத்தில் எடுத்தது. உடம்பெல்லாம் ஜிகினா மின்னும் சேலை, பின்னால் சீரியல் லைட் தோரணம், நடுவில் சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் முகம்.

சாயங்காலத்துக்குள் உடலைத் தந்துவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். துணியில் பொதிந்துதான் தருவோம், அவிழ்க்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் பார்க்கத்தான் வருவார்கள். காட்ட முகம் இல்லாததால் தலைமாட்டில் வைக்க அவருக்கு ஆளுயர பிளெக்ஸ் வேண்டும்.

படத்தை ஸ்கேன் செய்து, கீழே பேரை அடித்து, சேமிக்கக் கொடுத்தேன். புரோகிராம் மறைந்துபோனது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பட்டென்று செத்துவிட்டது. மறுபடி ஸ்கேன் செய்தேன், மறுபடி செத்தது. அதே வெடியில் போன மற்றவர்களின் படங்கள் காலையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. எல்லாம் நீலத் துணிக்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள்.

வேறு கடைக்கு அனுப்பலாம் என்றால் எல்லாக் கடையிலும் அன்று இதே வேலை. முகத்தை மட்டும் வெட்டிப் போட்டுப் பார் என்றார் முதலாளி. போட்டேன், வந்தது. படம் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன்.

"முகத்த மட்டும் வெட்டிட்டீகளா தம்பி?" என்றார். "அங்கன துண்டு துண்டாத்தான் தாராக. இங்கனயாச்சும் அவ முழுசா இருக்கட்டும்."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆலைக்காரன் மேல் போக வேண்டிய கோபம் அது. கைக்கெட்டும் தூரத்தில் கம்ப்யூட்டர்தான் இருந்தது.

அந்தப் புரோகிராம் ஒருவர் செய்ததல்ல. தமிழ் எழுத்தைக் கோக்க ஒரு லைப்ரரி, படத்தைக் கையாள இன்னொரு லைப்ரரி என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிவைத்த புரோகிராம் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் சேமித்தேன், நடந்தது. எழுத்து மட்டும் என்றாலும் நடந்தது. இரண்டும் சேர்ந்தால் சாவு. தனித்தனியே தங்கமானவர்கள், ஒரே வீட்டில் வைத்தால் அடிதடி.

எந்த இடத்தில் விழுகிறது என்று பின்னோக்கித் துருவிக்கொண்டே போனேன். தப்பு இரண்டிலும் இல்லை. இரண்டும் நம்பியிருந்த மூன்றாவது லைப்ரரி ஒன்று உண்டு, படத்தைச் சுருக்கி, மெமரியில் அதற்கென்று ஒதுக்கிய பையில் திணிப்பது. பட லைப்ரரி அதன் புதுப் பிரதியை நம்பியிருக்க, எழுத்து லைப்ரரி பழைய பிரதி ஒன்றைத் தன்னோடு கூட்டி வந்திருந்தது. அது முதலில் நுழைந்துவிட்டால் படத்துக்கும் அந்தக் கிழம்தான் வேலை செய்யும். நீலத் துணிப் படங்கள் சொன்னபடி சுருங்கும். ஜிகினாவும் சீரியல் லைட்டுமாக, ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இல்லாத அவள் படம் சுருங்கவில்லை. சுருக்கப் போனால் கொஞ்சம் பெருத்தது. அப்படியும் நடக்கும் என்று புதுப் பிரதிக்குத் தெரியும். பழையது சின்னப் பையோடு நின்றது. பை கிழிந்து பக்கத்தில் இருந்ததையெல்லாம் நாசம் செய்தது.

பழையதைப் பிடுங்கி எறிந்து, இரண்டுக்கும் புதியதையே கொடுத்து, எழுத்து லைப்ரரியை மறுபடி உருவாக்கினேன். அதற்கு நேரம் பிடித்தது. முதலாளி வாங்கி வந்த டீயைக் காத்திருந்தவர் தொடவில்லை. மத்தியானம் தாண்டி, மெஷினிலிருந்து அவள் தலையிலிருந்து கால் வரை இறங்கி வந்தாள்.

ஆமத்தூரில் அவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். பொதி வந்தபோது பிளெக்ஸில் பாதி உயரம்கூட இல்லை. பெண்கள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் பிளெக்ஸின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்கள். அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

எழுத்து லைப்ரரியைச் செய்தவர்களுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். எந்த நாட்டுக்காரரோ, மரியாதையாகப் பதில் போட்டார். தப்பு எங்களுடையதுதான், பழையதை எடுத்துவிடுகிறோம். இனி இது நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சோதனைக்கு அந்தப் படம் வேண்டும். பெரிதாக இருந்தால் ஒரு துண்டு வெட்டி அனுப்பினால் போதும் என்றார். ஒரு பாவமும் அறியாத அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆமத்தூருக்குப் போய் அவள் புருசனிடமே கேட்டேன். அந்த லைப்ரரியை ஒவ்வொரு தடவை புதிதாகச் செய்யும்போதும் இந்தப் படத்தைத் திறந்து, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள் அண்ணே என்றேன். எம்புட்டு நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று கேட்டார். அந்த லைப்ரரி இருக்கிற வரைக்கும் என்றேன்.

"அப்ப அனுப்புங்க. வெட்டாம அனுப்புங்க."

அனுப்பினேன். வெடித்த ஆலை அடுத்த சீசனுக்கே திறந்துவிட்டது. எதைச் சோதித்துத் திறந்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத அந்த லைப்ரரிக்காரர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதலில் அவளைத் திறந்து பார்க்கிறார்கள். அவள் சிதறாமல் முழுசாக வந்தால்தான் எதையும் வெளியே விடுகிறார்கள்.