என் தங்கச்சி கல்லுக்கு எழுதியது

போன வாரம் பிரிஞ்சாங் பசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், மருமகள் பூ வாங்கப் போனாள். நான் சோளம் சுடுகிற கடையோரம் நின்றேன். கடைக்காரர் விலையைப் பலகையில் கரிக்கட்டையால் எழுதினார். மனசுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். நனைந்த பலகையும் கரியும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அது மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். "அத்தை, குளிருதா?" என்றாள் மருமகள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம் முழுக்க என் அடுப்படியில் அந்த வாடைதான். என் தங்கச்சி அஞ்சலை செத்த வருஷம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினோம். தூரத்து மலைக்கு லாரியில்தான் ஏற்றிப்போவார்கள். அன்றைக்குக் காலையில் அவள் கங்காணியிடம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாள். கூட நின்ற நாங்களும் சொன்னோம். "ஏறு ஏறு, பேச்சு பெறவு" என்றார். திரும்பும்போது லாரி வளைவில் கவிழ்ந்தது. மற்றவர்கள் கையையும் காலையும் முறித்துக்கொண்டு பிழைத்தோம். அவள் பிழைக்கவில்லை. அந்தப் பேச்சும் பிறகு நடக்கவே இல்லை.

அவள் புருஷன் முனியாண்டி, குழிமேட்டில் சிமெண்டில் ஒரு கல் வைக்க ஆசைப்பட்டார். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதிவிட வேண்டும். காய்ந்தால் அழிக்க முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எழுதத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு. அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அழிக்க முடியாத எழுத்தை நேராக ஆணியால் எழுத எனக்குத் துணிவில்லை. அதனால் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையை எடுத்து, அடுப்புக் கரியால் எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. குணத்தில் தங்கம், பொறுமையில் பூமி, குலவிளக்கு என்று பலகை கொள்ளாமல் எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு கை உடைந்து கட்டுப் போட்டிருந்தது, அதே லாரியில்தான்.

"யாருக்கா இது?" என்றாள்.

"அஞ்சலைதான்."

"அஞ்சலைக்கு எங்கக்கா பொறும? தண்ணிக் கொழாயில என் வாளிய ஒதைச்சவ லா அவ."

துடைத்தேன். அடுத்தது, அக்காவைத் தனியாக விட்டுப் போனாயே என்று எழுதினேன். முனியாண்டி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா செத்தது நீங்க மாதிரியில்ல இருக்கு." அதையும் துடைத்தேன். எத்தனை துடைத்தாலும் பழைய எழுத்து அடியில் சாம்பல் நிறத்தில் தெரியும். வேலைக்காட்டில் முத்தல் இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் நாக்கு இடிக்கிறதோ அங்கே ஒரு வார்த்தை வேண்டாததாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை எடுப்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் இவ்வளவுதான் நின்றது: அஞ்சலை. லாரி கவிழ்ந்து செத்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

மதியச் சோற்று நேரத்தில் பொம்பளைகளிடம் சொன்னேன். ஒருத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு பாக்கியம், "அவ மட்டுமா சொன்னா? நாங்க சொல்லல? 'எல்லாரும் சொன்னோம்'னு போடுக்கா" என்றாள். மற்றவர்களும் போடு போடு என்றார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். செத்த வீட்டில் சந்தோஷமா என்று கேட்காதீர்கள். அப்படித்தான் இருந்தது.

இடுகாடு தோட்டத்து நிலம். கல் வைக்க ஆபீசில் கேட்க வேண்டும். பலகையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். முனியாண்டியும் பொம்பளைகளும் பின்னால் வந்தார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நீயாம்மா எழுதினே?"

"நாந்தான்."

"நல்லாருக்கு. கொஞ்சம் திருத்தினா இன்னும் நல்லாருக்கும்." விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "எல்லாரும் சொன்னோம்னு இருக்கே. யாரு யாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். ஒருத்தி வெளியே மழையைப் பார்த்தாள். கிராணியாரின் கண் பாக்கியத்திடம் வந்து நின்றது.

"நான் அன்னிக்கு வேலைக்கே வரல லா ஐயா" என்றாள்.

கை கட்டோடுதான் நின்றாள். கிராணியார் அந்தக் கட்டைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்" என்றேன்.

"ஒரு ஆளு சொன்னதையெல்லாம் கல்லுல எழுதுவாங்களாம்மா? தொரை பார்த்தா என்ன நெனைப்பாரு?"

முனியாண்டி என் பக்கம் குனிந்தார். "விட்ருங்க அண்ணி. புள்ளைங்க இருக்கு. வீடு தோட்டத்து வீடு. கல்லு நின்னாப் போதும்."

கிராணியார் தன் கைக்குட்டையை நனைத்து அவரே துடைத்தார். பொறுமையான மனுஷன், மூலையெல்லாம் விடாமல் துடைத்தார். பிறகு எழுதினார்: அஞ்சலை இறைவனடி சேர்ந்தார். உயிரோடு இருந்தவரை அந்த ஆபீசில் அவளை வாடி போடி என்றுதான் கூப்பிட்டார்கள். செத்த பிறகு 'சேர்ந்தார்' ஆகிவிட்டாள்.

சிமெண்டு ஊற்றின அன்றைக்கு ஆணியை என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. கிராணியாரே உட்கார்ந்து எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். பலகையை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பல வருஷம் பாக்கியமும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளினோம். பிள்ளைகள், கல்யாணம், காய்கறி விலை எல்லாம் பேசுவோம். இதைப் பேசினதில்லை. அவள் போய்ச் சேர்ந்தும் ரொம்ப நாளாகிவிட்டது.

சந்தைக்குப் போய்வந்த மறுநாள், திரிங்காப் ஊருக்குப் போகிற வழியில் மகனைக் காரை நிறுத்தச் சொன்னேன். இடுகாடு இருந்த சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. உள்ளே தக்காளி. அந்தத் தோட்டம் கைமாறியதும் லயத்தை இடித்ததும் தெரியும். இதையும் நிரவியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் வெளியே வந்து, தக்காளி வாங்க வந்தீர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன்.

வேலியைப் பிடித்துக்கொண்டு என் வரியை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. ஆனால் 'எல்லாரும்' வந்த இடத்தில் நாக்கு இடித்தது. எடுத்துவிட்டேன். கடைசிவரை சொன்னது அவளும் நானும்தான்.

இப்போது வரி சரியாக இருக்கிறது. எழுதக் கல்தான் இல்லை.