ரெக்ரூட்டின் இடது காது

அன்று போசரி மேம்பாலத்துக்குக் கீழே இருந்தவர்கள்: எங்கள் நாய்கள் ஷெல்டரின் டாக்டர் மேடம். வேன் டிரைவர் ஷிண்டே. நாய் பிடிக்கிற நான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த ஏகாம்பரம், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய நாய், பெயர் ரெக்ரூட், வயது எட்டு.

ஏகாம்பரம் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி. கேட் கேபினிலேயே படுக்கை. கம்பெனி மூடியதும் கேபினும் போனது. அவரும் நாயும் பாலத்துக்கு அடியில் வந்துவிட்டார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாய்க்கு ஊசி போடத்தான் போனோம். மேடம் நாயைப் பார்த்துவிட்டு அவர் காலைப் பார்த்தார். சர்க்கரைப் புண். இரண்டு விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுக்கச் சொல்லியும் அவர் படுக்கவில்லை. நாயை உள்ளே விடமாட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள் என்று மேடம் சொன்னார்.

நாயை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றேன்.

"வாயால சொன்னா ஆச்சா? சார்ஜ் எழுதிக் குடு."

பட்டாளத்தில் ஒரு பொருள் கை மாறினால் லிஸ்ட் போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் நாலாவது வரை படித்தவன். ஊசிச் சீட்டின் பின்பக்கம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாய், செம்பட்டை, ஒன்று. காது, முழுசாக, இரண்டு. வால் ஒன்று. பல், கீழே ஒன்று குறைவு. சங்கிலி ஒன்று. அலுமினியத் தட்டு, நெளிந்தது, ஒன்று.

"எட்டு வயசாச்சு, இன்னும் ரெக்ரூட்டா சார்?"

"ட்ரெயினிங் முடியல. நீ எழுது."

கையெழுத்துப் போட்டோம். அன்றே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையது. சொந்தக்காரர் உள்ள நாயின் கூண்டில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். அட்டை இல்லாவிட்டால் தெருநாய். அதற்குக் காலையில் கருத்தடை ஆபரேஷன் நடக்கும். ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டுவார்கள். நான் லிஸ்டை பீரோவில் வைத்துப் பத்திரமாகப் பூட்டினேன். அட்டையை மாட்டவில்லை. மறுநாள் நானும் மேடமும் வேனில் போய்த் திரும்பும்போது வேறொரு டாக்டர் எல்லாம் முடித்திருந்தார்.

மேடம் இந்தியில் சொன்னார். "இப்ப சொல்லாதே முருகேஷ். நாளன்னிக்கு அவருக்கு ஆபரேஷன். தெரிஞ்சா எழுந்து வந்துடுவார். கால் போயிடும்."

சரி என்றேன். சாயந்திரம் ஏகாம்பரம் நர்ஸ் போனிலிருந்து கூப்பிட்டார். "சார்ஜ் சரியா கீதா?" ஆமாம் என்று வாயில் வரவில்லை. நேரில் வருகிறேன் என்றேன்.

முதல் மாடி, ஜன்னலோரக் கட்டில். நின்றுகொண்டே காது நுனி போனதைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கையில் சலைன் ஊசிமேல் இருந்த பிளாஸ்டரைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"என் செருப்பு எங்க?"

நான் தடுக்கவில்லை. தடுத்தால் வேகமாகப் பிய்ப்பார்.

"யாரு ட்யூட்டி?"

"நான்தான் சார்."

"டாக்டர் மேல போடறியா?"

"இல்ல சார். அட்டை நான் மாட்டல."

பிளாஸ்டரை விட்டார். "வேற இன்னா கொறைஞ்சுது?"

சொன்னேன்.

கருத்தடை என்றதும் பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கட்டில்காரருக்குத் தமிழ் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

"அது லிஸ்ட்ல இல்ல. கேள்வி இல்ல. காதுக்குத்தான் தண்டனை."

தினமும் நாலு மணிக்கு நாயோடு வந்து ஆஸ்பத்திரி கேட்டில், அவர் ஜன்னலுக்கு நேரே, அரை மணி நிற்க வேண்டும். அவர் வெளியே வரும் வரை.

"அப்ப நீங்க இங்கயேதான் இருப்பீங்களா சார்?"

"தண்டனை குடுத்தவன் பாக்க வேணாமா? போய்யா."

மறுநாளே தொடங்கினேன். ஷிண்டே வேனில் இறக்கிவிடுவான். தையல் காயும் வரை நாயைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பதினெட்டு கிலோ.

"நிமிந்து நில்லுய்யா! நாயே உன்னைவிட நல்லா கீது!" மேலேயிருந்து சத்தம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆபரேஷன் அன்று ஜன்னலில் ஆள் இல்லை. நின்றோம். மறுநாளும் இல்லை. நின்றோம். உள்ளே போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கடுத்த நாள் தலை தெரிந்தது.

"ரெண்டு நாளும் வந்தியா?"

"வந்தேன் சார்."

"சாட்சி?"

கேட் வாட்ச்மேன் கையைத் தூக்கி, வந்தான் என்று இந்தியில் சொன்னார். "ஆயா தா, பாபா."

விரல் இரண்டு போயிற்று. கால் தப்பியது. வெளியே வந்த அன்று கேட்டிலேயே லிஸ்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நாயை வாங்கிக்கொண்டார். பாலத்துக்குத்தான் திரும்பினார். கட்டு மாற்ற வாரம் இரண்டு தடவை வேனில் கூட்டிப் போகிறோம். நாயும் ஏறும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் அட்டை, பிறகு சங்கிலியை அவிழ்க்கலாம். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஜன்னலில் ஆளில்லாத இரண்டு நாளையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நான் நின்றது மொத்தம் இருபத்திரண்டு நாள்.