பஸ்ரியனின் கறுப்புக் கார்

வங்காலை பஸ்ரியனின் கார் முழுக்கக் கறுப்பு. உடல் கறுப்பு, சில்லின் றிம் கறுப்பு, முன்னால் இருக்கும் கம்பனிச் சின்னம்கூடக் கறுப்பு. கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. எட்டிப் பார்ப்பவருக்கு அவருடைய சொந்த முகம்தான் தெரியும். இலக்கத் தகடு மட்டும் தன் பிறவி நிறத்தில் இருந்தது.

இந்த வேலையெல்லாம் செய்தவர் பஸ்ரியன் அல்ல. வவுனியாவில் ஓர் இளைஞன் ஆசை ஆசையாகச் செய்துவிட்டு, கனடா விசா வந்ததும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனான். எட்டு வருடம் ஓட்டோ ஓட்டி இடுப்பு வலி கண்டிருந்த பஸ்ரியனுக்கு இருக்கை பிடித்திருந்தது. நிறத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

அவருக்காக ஊர் யோசித்தது. மனைவி அன்ரோனெற் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இஞ்சேருங்கோ, இதில நான் பூசைக்கு வரமாட்டன். சவப்பெட்டி ஒண்டுதான் குறை." மீன் ஏலம் கூறும் இடத்தில் "எலெக்சன் கேக்கிறியோ?" என்றார்கள். நானாட்டான் பக்கத்தில் ஒரு வீட்டார் கலியாணத்துக்குக் காரைப் பேசிவிட்டு, படலையில் அதைக் கண்டதும் திருப்பி அனுப்பினார்கள். "தம்பி குறை நினையாதையுங்கோ. பொம்பிளை கறுப்பில ஏறக் கூடாது." அந்தக் கலியாணப் பந்தியில் எருமைத் தயிர் பரிமாறப்பட்டது. எருமையின் நிறத்தை யாரும் விசாரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மதலேனம்மாவின் அபிப்பிராயம் வேறு மாதிரியானது. கார் வந்து நின்றால் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அவருடைய மகனை ஏற்றிக்கொண்டு போன வாகனம் இன்னும் திரும்பவில்லை. "அது வெள்ளை வானெல்லோ அம்மா, இது கறுப்புக் கார்தானே" என்று பஸ்ரியன் ஒருநாள் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"நிறத்தை ஆர் பாத்தது? கண்ணாடி இதுதான்" என்றார் மதலேனம்மா.

மற்றவர்கள் சொன்னது மூடநம்பிக்கை. இது அனுபவம். உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனைப் பார்க்கலாம், வெளியே இருப்பவன் உள்ளே பார்க்கக்கூடாது என்ற ஏற்பாட்டில்தான் இந்த நாட்டில் எத்தனையோ காரியங்கள் நடந்தன.

ஆனால் அதே கண்ணாடிதான் பஸ்ரியனுக்குச் சிலாவத்துறையில் சோறு போட்டது.

சிலாவத்துறை ஆமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் அவருக்கு இடம். பிந்தினால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும், அடுத்த முறை வரைக்கும் நஞ்சைச் சுமந்துகொண்டு இருக்க வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தார். முகத்திரையோடு போனால் மூச்சு முட்டியது. அதைக் கழற்றினால் ஊதிப்போன முகத்தைப் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பஸ்ரியனின் காரில் ஏறிய முதல் நாளே, கதவு சாத்தியதும் முகத்திரையைக் கழற்றி மடியில் போட்டார். "தம்பி, நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார். பிறகு அதையும் சொல்வதில்லை. "முகத்தை மூடச் சொன்னது மார்க்கம் மட்டுமெண்டு நினைக்காதீங்க. இந்த வீக்கமும்தான் சொல்லுது."

கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து அவர் உலகத்தைப் பார்த்தார். அரிப்புச் சந்தியில் தெரிந்தவர்களை எல்லாம் எண்ணினார். "அந்தா பாருங்க, அஸ்மிட வாப்பா. சீனி வருத்தம், பொண்டாட்டிக்குத் தெரியாம கேக் தின்னுறார்."

"ஹோன் அடிக்கட்டே ராத்தா?"

"வேணாம், விடுங்க. எனக்குத்தான் தின்ன ஏலாது. அவராவது தின்னட்டும்."

இந்தக் கதை பரவி இன்னும் மூன்று பெண்கள் பஸ்ரியனின் காரையே கேட்கத் தொடங்கினார்கள். ஊரில் ஒரு சவாரியும் இல்லாத கார், சிலாவத்துறைப் பெண்களால் ஓடியது.

அந்த நாட்களில் மன்னார்த் தீவின் மணலுக்குள் கனிமம் இருக்கிறதென்று ஒரு கம்பனி அளவெடுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. மண்ணை எடுத்தால் கடல் உள்ளே வரும் என்று சனத்துக்குத் தெரியும். அதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் போதும். தீவுக்கும் அதிலுள்ள ஆஸ்பத்திரிக்கும் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொட்டில் போட்டுக் காவல் இருந்தார்கள். ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஒரு நாள் என்று முறை பிரித்திருந்தார்கள்.

வங்காலை மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: ஆள் தெரியாத கண்ணாடியோடு எந்த வாகனம் வந்தாலும் மறிப்பது, கண்ணாடியை இறக்கி உள்ளே பார்த்த பிறகே விடுவது. எல்லோரும் கை தூக்கினார்கள். பஸ்ரியனும் தூக்கினார். அவருடைய கார் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றது. அது அவருக்கு நினைவில் வரவில்லை. ஆள் தெரியாத வாகனம் என்றால் அவர் மனத்தில் வந்தது மற்றவர்களுடைய வாகனம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கறுப்புக் காரைப் பாலத்தடியில் மறித்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் நின்றவர் தீவுப் பக்கத்துப் பார்த்தீபன். பஸ்ரியன் தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"பின் கண்ணாடியை இறக்குங்கோ அண்ணை."

"என்ன பார்த்தீபன், என்னைத் தெரியாதோ உனக்கு?"

"உங்களைத் தெரியும். உள்ளுக்கு ஆரெண்டு தெரியாது. கம்பனிக்காரன் கொழும்பில இருந்து றைவரையும் கொண்டு வாறானே? எங்கட ஆக்களைத்தான் ஹயருக்குப் பிடிக்கிறான்."

"வருத்தக்கார மனுசி. எட்டு மணிக்கு மெசின்."

"போன கிழமையும் ஒருத்தர் வருத்தக்காரர் எண்டுதான் சொன்னவர். திறந்து பாத்தா மூண்டு பேர், அளக்கிற சாமானோட."

பின்னால் இருந்து ஒரு குரல்: "வங்காலைக் கூட்டத்தில இவரும் கை தூக்கினவராம்."

"தூக்கினனான்தான். அது கம்பனிக்கு."

"கம்பனி எண்டு கண்ணாடியில எழுதியே கிடக்கு?"

கண்ணாடியை இறக்கும் விசை ஓட்டுநர் பக்கத்திலும் இருந்தது. பஸ்ரியன் அதைத் தொடவில்லை, பின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆமினா அரிப்பைத் தாண்டியதிலிருந்து இரண்டு தடவை சத்தி எடுத்திருந்தார். வாந்தியைப் பிடிக்க மடியில் சின்னப் பிளாஸ்ரிக் வாளி. ஏழு நாற்பது ஆயிற்று. ஏழு நாற்பத்தைந்து ஆயிற்று.

பஸ்ரியனின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி தானாக இறங்கியது. ஆமினா முகத்திரை போட்டிருக்கவில்லை. கண்கள் இரண்டும் வீக்கத்துக்குள் புதைந்து கிடந்தன.

"ஓம் மகன், நான்தான் கம்பனி" என்றார். "மண் அள்ள வந்தனான். இந்தா வாளி. பாதி நிரம்பிட்டுது, பாக்கிறியா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். பார்த்தீபன் ஓர் அடி பின்னால் போனார். "போங்கோ அம்மா."

"ஏன், கிட்ட வந்து வடிவாப் பாரு. எல்லாரையும் பாக்கச் சொல்லு. மண்ணைக் காப்பாத்துங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. சண்டைக் காலத்தில எங்களைத் துரத்தினதால எங்கட ஊர் கையை விட்டுப் போய்த்தான் திரும்பக் கிடைச்சது, மண்ணுட அருமை எனக்கும் தெரியும். ஆனா எட்டு மணிக்கு மெசின்."

கண்ணாடி ஏறியது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆமினா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். திரும்பி வரும்போது அரிப்புச் சந்தியில் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலை காவல் குழுவினர் பஸ்ரியனிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: கறுப்புத் தாளைக் கழற்றிவிடுங்கள், உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அன்ரோனெற் சவர்க்காரத் தண்ணீர் ஊற்ற, பஸ்ரியன் பிளேட்டால் சுரண்டினார். அடுத்த பூசைக்கு அன்ரோனெற் காரில் போனார்.

செவ்வாய்க்கிழமை ஆமினா தன் படலையில் நின்று காரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக மறுபக்கத்து ஆடு தெரிந்தது. "நல்லா மினுங்குது தம்பி" என்றார். முகத்திரையைச் சரிசெய்துகொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். மற்ற மூன்று பெண்களும் அழைக்கவில்லை. மூன்றாம் கிழமை ஆமினாவின் மகள் நிஸ்லா தொலைபேசியில் சொன்னாள்: பஸ் பிந்தியதில் உம்மாவுக்கு மெசின் தவறிவிட்டது, கால் இரண்டும் வீங்கி நடக்க ஏலாது.

அதே கிழமை கம்பனியின் ஆட்கள் பாலத்தைக் கடந்தார்கள். சின்ன வெள்ளைக் கார், துடைத்து வைத்த கண்ணாடி. முன்னால் இருந்தவர் கையசைத்தார். கொட்டிலில் இருந்தவர்களும் கையசைத்தார்கள். கரையோரப் பனங்காணியில் அளவுகோல் நட்ட பிறகுதான் விசயம் தெரிந்து, சனம் ஓடிப்போய்த் திருப்பி அனுப்பியது.

மறுபடியும் மண்டபத்தில் கூட்டம். பஸ்ரியன் எழுந்தார்.

"அண்டைக்குத் தூக்கின கையை நான் இறக்கிறன். கண்ணாடியைப் பாக்காமல் எல்லா வாகனத்தையும் மறியுங்கோ. ஆர், எங்க போறியள் எண்டு கேளுங்கோ. வெள்ளைக் காரையும் கேளுங்கோ, பெரிய ஜீப்பையும் கேளுங்கோ. வருத்தக்காரர் எண்டால் ஒராள் ஏறி ஆஸ்பத்திரி மட்டும் கூடப் போங்கோ."

"உங்கட ஹயர் போச்சு, அதுக்குக் கதைக்கிறியள்" என்றார் ஒருவர்.

"ஓம், அதுக்கும்தான்."

சிலர் கை தூக்கினார்கள். சிலர் தூக்கவில்லை. எண்ணி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது.

பஸ்ரியன் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே மன்னார் ரவுணில் பாஹிமின் கடையில் பின் கதவுக் கண்ணாடி இரண்டுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினார். முன் கண்ணாடிகளை அப்படியே விட்டார். வீட்டுக்கு வரும்போது மதலேனம்மா முற்றத்தில் நின்றார். கதவடிக்குப் போகத் திரும்பியவர், ஓட்டுபவரின் முகம் தெரிந்ததும் நின்றார்.

"பின்னுக்கு ஆர்?"

பஸ்ரியன் இறங்கிப் பின் கதவுகளைத் திறந்து காட்டினார். மதலேனம்மா கிட்ட வந்து, இருக்கைக்குக் கீழேயும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கேட்டார். ஒவ்வொரு நாளும் பஸ்ரியன் திறந்து காட்டினார்.

வியாழன் மாலை ஆமினா அழைத்தார்.

"ஒட்டிட்டீங்களாமே தம்பி?"

"ஓம் ராத்தா. பின்னுக்கு மட்டும்தான். முன்னுக்கு எல்லாம் தெரியும். பாலத்தடியில கேட்டாங்கள் எண்டால் நான் பதில் சொல்லிக்கொள்ளுறன்."

"நான் முன்னுக்கு இருக்கிறதில்லைத்தானே" என்றார் ஆமினா. "ஆறரைக்கு வாங்க. கால் வீங்கியிருக்கு, படலைக்குக் கிட்ட நிப்பாட்டுங்க."